ஐந்து பூவுக்கு அனுமதி

தன் வீட்டுக்குள் நுழைவதற்குக்கூட அனுமதி கேட்கிற மனிதர் என் மாமனார். வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ரேழியில் நின்று, "உள்ளே வரலாமோன்னோ?" என்பார். மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த அந்த வீடு அவர் பெயரில் வாடகைக்கு எடுத்தது. நான் சமையலறையிலிருந்தே, "வாங்கோ, வாங்கோ. உங்காத்துக்குள்ள வரதுக்கு என்ன கேள்வி?" என்று கத்துவேன். அந்தக் கத்தலில் மரியாதை கொஞ்சம்தான் இருக்கும், அலுப்பு நிறைய இருக்கும். அது அவர் காதில் விழுந்ததோ என்னவோ, பதில் வந்துவிட்டால் போதும் அவருக்கு. வேஷ்டியை ஒரு உதறு உதறிவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் நாளில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்கிற வழக்கம் இல்லை என்பது ஒரு காரணம். நான் அவருக்குச் செய்ததை எழுதிவிட்டு, பக்கத்திலேயே அவர் பெயரையும் எழுத எனக்குக் கூசுகிறது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் உண்மையான காரணம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், என் கணவர், நான், எட்டு வயது கீதா, ஐந்து வயது ரவி. இத்தனை பேர்தான் வீட்டில். இத்தனை பேரிடமும் அவர் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். பேப்பரை எடுக்கும் முன், "யாராவது படிக்கறேளா, நான் எடுத்துக்கலாமா?" மின்விசிறியைப் போடும் முன், "காத்து வேணுமா, போடட்டுமா?" ரவியைத் தூக்கும் முன் அவனிடமே குனிந்து, "தாத்தா தூக்கிக்கட்டுமா?" அவன் வேண்டாம் என்று தலையாட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். காலையில் முதல் காபி குடித்து முடித்ததும் சமையலறை வாசலுக்கு வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். "இன்னும் அரை டம்ளர் கேட்டுக்கலாமா?" என்பார்.

இதில் அலுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, நல்ல மனிதர்தானே என்று நீங்கள் நினைக்கலாம். கூடவே இருந்து பார்த்தால் தெரியும். பக்கத்துப் போர்ஷன் மாமி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். அவள் காதில் விழும்படி, "அரை டம்ளர் கேட்டுக்கலாமா?" என்று ஒரு பெரியவர் தினமும் நின்று கேட்டால், அவள் என்ன நினைப்பாள்? நான் மாமனாரைப் பட்டினி போடுகிறவள் என்றுதானே? ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இப்படிக் கேட்டுக் கேட்டு என் பேரை ரிப்பேராக்கறேளேப்பா" என்று சொல்லியேவிட்டேன். அவர் பதறிப்போய், "அப்படியா? நான் வேணா மெதுவாக் கேக்கட்டுமா?" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் குசுகுசுவென்று கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

காலையில் பூவுக்குப் போவதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பல ஆண்கள் விடியற்காலையில் பூக்குடலையும் கையுமாகக் கிளம்புவார்கள். யார் வீட்டு மதில் மேல் செம்பருத்தி எட்டிப் பார்த்தாலும் கை நீண்டுவிடும். வீட்டுக்காரர் பார்த்துவிட்டால், "சாமிக்குத்தானே ஸார்" என்று ஒரு சிரிப்பு. சாமிக்கு என்றால் திருட்டு இல்லை என்பது அவர்கள் கட்சி. என் மாமனாரும் பிரம்புக் குடலையோடு கிளம்புவார். ஆனால் ஒவ்வொரு கேட்டிலும் நின்று, வீட்டில் ஆள் எழுந்து வருகிறவரை காத்திருந்து, "நாலு நந்தியாவட்டை எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, அவர்கள் சரி என்றால்தான் தொடுவார். எங்கள் தெருமுனையில் புத்தகத்துக்கு பைண்டிங் பண்ணுகிற ஒரு பாய் இருந்தார். அவர் வீட்டு வாசலில் ஒரு பவழமல்லி. கீழே உதிர்ந்து கிடக்கிற பூ அது, நடக்கிறவர்கள் மிதித்துக்கொண்டு போகிற பூ. அதற்கும் கேட்பார். பாய் ஒரு நாள் என்னிடமே சொல்லிச் சிரித்தார்: "தினம் கேக்காதீங்க சாமி, உங்க பூவுதான் அதுன்னு சொல்லிட்டேம்மா. அவரு இன்னா சொல்றாரு தெரியுமா? 'நேத்து நீங்க குடுத்தது நேத்தோட போச்சு பாய், இன்னிக்கு இன்னிக்குதான்'னு சொல்றாரு."

தீபாவளிக்குப் பாண்டி பஜாரில் எனக்குப் புடவை எடுக்கப் போனபோதும் இதே கதை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். விரித்த புடவையின் தலைப்பை எல்லாரும் கசக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு, "தொட்டுப் பார்க்கலாமா?" என்றார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்து, "தொடத்தானய்யா விரிச்சிருக்கு, தாராளமாத் தொடுங்க" என்றார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதெல்லாம் எனக்கு வெட்கம் என்றால் அதுதான். அசல் வெட்கம் எப்படி இருக்கும் என்று தெரியாத காலம்.

ஒரு தடவை ரவி வீட்டுச் சொந்தக்காரர் மரத்திலிருந்து ஒரு மாவடுவைப் பறித்துக் கடித்துவிட்டான். தாத்தா அவன் கையைப் பிடித்துச் சொந்தக்காரரிடம் அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினார். ரவி மழலையில், "எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கோடா கண்ணா" என்றார். வீட்டுக்கு வந்ததும் ரவி குதித்தான், "கேட்டுட்டேன், கேட்டுட்டேன்" என்று. தாத்தா அவனைப் பார்த்து, "எடுத்தப்பறம் கேட்டா அதுக்குப் பேர் கேக்கறது இல்லே. நாளையிலேருந்து முன்னாடியே கேட்டுக்கலாமா?" என்றார். கீதா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதையும் மறக்காத குழந்தை அது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிடுகிறேன். தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடையாற்றில், ஆற்றங்கரையை ஒட்டி, பழைய காலத்துத் தோட்ட பங்களாக்கள் சில அப்போது மிச்சமிருந்தன. அதில் ஒன்று, யாரோ வெள்ளைக்கார வியாபாரி கட்டிக் குடியிருந்து, பிறகு ஒரு ஜமீன் குடும்பத்தின் கைக்கு வந்து, அவர்களும் போன பிறகு காலியாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரார் வந்து பார்க்கத் திறந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிறு, குழந்தைகளை அங்கே அழைத்துப் போகலாம் என்று என் கணவர் சொன்னார். மாமனார் முந்தின நாளே சமையலறை வாசலுக்கு வந்து, "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். "நீங்க இல்லாமயா? உங்களுக்கும் சேர்த்துத்தான் தயிர்சாதம்" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. காலையில் பார்த்தால் தோளில் அங்கவஸ்திரம், கையில் குடலை. "இது எதுக்குப்பா?" என்றார் என் கணவர். "போற எடத்துல யாராவது கொடுத்தா?" என்றார்.

கேட் திறந்தே கிடந்தது. கும்பல் கும்பலாக ஜனங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இவர் காவல்காரரிடம் நின்று, "நாங்க போலாமா?" என்று கேட்டார். அந்த ஆள் வெற்றிலையை மென்றுகொண்டே கையை ஆட்டினான். கேட்டுக்குப் பக்கத்திலேயே, பூக்களைப் பறிக்கக் கூடாது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை. அதை நானும் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வீடு பிரமாதமாகத்தான் இருந்தது. கட்டிப்பிடித்தால் இரண்டு பேர் கை சேராத தூண்கள். டான்ஸ் ஆடுவதற்கென்று ஒரு கூடம், அதில் ஒரு சாமானும் இல்லை, சுவரில் ரசம் போன ஒரு நிலைக்கண்ணாடி மட்டும். கீதாவும் ரவியும் கூடத்தின் நடுவில் நின்று கூவிக் கூவி எதிரொலி கேட்டார்கள். "தாத்தா, நீயும் கத்து" என்றான் ரவி. அவர் சுற்றும் முற்றும் பார்த்து, அங்கே நின்றிருந்த வேறொரு குடும்பத்திடம், "ஒரு தடவை சத்தம் போட்டுக்கலாமா? தொந்தரவா இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, மெலிசாக ஒரு 'ஓ' போட்டார். கூடம் அதைத் திருப்பிச் சொல்லக்கூட இல்லை. குழந்தைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றைக்கு மத்தியானம் வரை எங்கள் குடும்பம் சந்தோஷமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ரவி ஆற்றுப் படித்துறையைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போனான். நாங்கள் மூவரும் நிழல் தேடி வீட்டின் பின்பக்கம் வந்தோம். அங்கே ஒரு செண்பக மரம். கீழே ஒரு கல் பெஞ்சு. பெஞ்சுக்கு மேலே கைக்கெட்டுகிற மாதிரி ஒரு கொப்பு தாழ்ந்திருந்தது. பூ என்றால் அப்படிப் பூ. வாசனை மூக்கில் ஏறி நெற்றிவரைக்கும் போயிற்று. மாமனார் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். "அம்பாளுக்கு வச்சா எப்படி இருக்கும்!" என்றார்.

"நாலு பறிச்சுக்கோங்கோளேன். யார் பார்க்கப் போறா?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. தமாஷாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். "யாரைக் கேக்கணும்னு பார்த்துண்டு வரேன். இதை இங்கே வச்சுட்டுப் போகட்டுமா?" என்று குடலையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

போனவர் போனவர்தான். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அவ்வளவு பெரிய தோட்டத்தில் ஒவ்வொரு ஆளாகப் பிடித்து, "செண்பக மரம் யார் பொறுப்பு?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். எரிச்சலாக வந்தது. மேலே பார்த்தால் பூ. எழுந்து நின்று, ஒன்று கிள்ளினேன். அம்பாளுக்கு அல்ல, இதைச் சொல்லிவிட வேண்டும். முதல் பூ என் தலைக்கு. கீதா பார்த்துக்கொண்டே இருந்தாள். "கேக்கலையேம்மா?" என்றாள். "தாத்தாதான் கேக்கப் போயிருக்காரே" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. பெஞ்சின் மேல் ஏறினேன். நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் குடலையில் போட்டேன். அது நிறைய நிறைய இன்னும் ஆசை வந்தது. எட்டாத பூவுக்காகக் கொப்பை வளைத்து இழுத்தேன். படக்கென்று ஒரு சத்தம். கொப்பு பாதியில் ஒடிந்து, தோல் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது.

சரியாக அந்த நேரத்தில்தான் வீட்டு மூலையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. நான் பெஞ்சிலிருந்து குதித்தேன். தலையில் இருந்த பூவை எடுத்தேன். எடுத்து, அதையும் அவர் குடலையில் போட்டேன். இத்தனை வருஷத்தில் இந்த ஒரு காரியத்துக்கு நான் எந்தச் சமாதானமும் கண்டுபிடிக்கவில்லை. கை தானாகச் செய்தது என்று சொல்லலாம். ஆனால் அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவர் தோட்டக்காரரோடு வந்துகொண்டிருந்தார். தோட்டக்காரருக்கும் நல்ல வயது. தலையில் முண்டாசு, தோளில் நீளமான துரட்டி. இருவரும் ரொம்ப நாள் பழகியவர்கள் மாதிரி பேசிக்கொண்டு வந்தார்கள். தூரத்திலிருந்தே மாமனார் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "கெடச்சுடுத்தும்மா! அஞ்சு எடுத்துக்கலாம்னுட்டார்!"

"அஞ்சு இன்னா சாமி, ஏழா எடுத்துக்கோ" என்றார் தோட்டக்காரர். "இத்தினி வருசமா இங்க கீறேன். பறிச்சுக்கினு ஓடறவனத்தான் பாத்துக்கீறேன். பறிக்கட்டுமான்னு தேடிக்கினு வந்த மொத ஆளு நீதான்."

"அஞ்சு போறும். அஞ்சுதானே கேட்டேன்" என்றார் இவர்.

தோட்டக்காரர் முதலில் பார்த்தது கொப்பை. அப்புறம் குடலையை. குடலை விளிம்பு வரை பூ. "இது யாருது?" என்றார்.

"என்னோடதுதான்" என்றார் மாமனார். கேட்டதற்கு உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான். அப்புறம்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

"அடப் பாவி மனுசா! மொதல்ல பறிச்சு ரொப்பி வெச்சுட்டு, அப்பால என்னாண்ட வந்து அஞ்சு பூ கேக்கறியா? ஒடிச்சிப்புட்டு வந்து கேட்டா ஆச்சா? உன் பேச்ச நம்பிக்கினு ஏழு எடுத்துக்கோன்னேனே, என்னிய சொல்லணும்." குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "மேனேஜரு பாத்தாருன்னா என் சீட்டக் கிழிச்சிடுவாரு. அவராண்ட யாரு போயி நிக்கறது, நீயா?"

கும்பல் கூடிவிட்டது. கையில் டிரான்சிஸ்டர் வைத்திருந்த ஒருவன், "நெத்தியில பட்டை, கையில திருட்டுப் பூ" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

மாமனார் கொப்பைப் பார்த்தார். பெஞ்சின் மேல் இருந்த என் செருப்புத் தடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செண்பகக் காம்பின் பிசின் என் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். நான் பேசுவதற்காக அவர் காத்திருந்தாரா என்று தெரியாது. காத்திருந்தது போலத்தான் எனக்கு இருந்தது. நாலு மூச்சு விடுகிற நேரம் இருக்கும்.

"தாத்தா பறிக்கலே, அம்–" என்று கீதா ஆரம்பித்தாள்.

அவள் தொடையில் கிள்ளினேன். பூவைக் கிள்ளிய அதே நகம். குழந்தை வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அழவில்லை.

மாமனார் அதையும் பார்த்தார். பார்த்ததும் தோட்டக்காரர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "என் குடலைதான். தப்பு நடந்துடுத்து. மன்னிச்சுக்கணும்" என்றார்.

"எடுத்துக்கினு போ. கொண்டுபோயி உன் சாமிக்கே வை. அது உன்னியக் கேக்கட்டும்."

"கேக்காம எடுத்தது. வேண்டாம்" என்று சொல்லி, குடலையைக் கவிழ்த்துப் பூவையெல்லாம் பெஞ்சின் மேல் மெதுவாகக் கொட்டினார். ஒரு பூ பிரம்பில் சிக்கிக்கொண்டிருந்தது. என் தலையில் இருந்த பூ அதுவாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அதையும் எடுத்து வைத்தார்.

என் கணவர் ரவியோடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விஷயத்தைக் கும்பல்தான் அவருக்குச் சொல்லிற்று. "என்னப்பா இது! தெருவுல ஒவ்வொருத்தரையா கேட்டு எங்க உயிரை எடுத்துட்டு, இங்கே வந்து மானத்தை வாங்கறேளே!" என்று எல்லார் எதிரிலும் கத்தினார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்கோ, வயசானவர். ஏதோ ஆசையில பண்ணிட்டார்" என்றேன்.

பஸ் ஏறினோம். அவர் மடியில் காலிக் குடலை இருந்தது. பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்த ஒருவரிடம், வழக்கமாக அவர் சொல்கிற "உக்காரலாமே" கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் கீதா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாவாடை விலகி, தொடையில் கன்றிப்போன தடம் தெரிந்தது. தாத்தா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து, "தடவட்டுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். தடவினார். எல்லாவற்றையும் கேட்கிற மனிதர், அது எப்படி வந்தது என்று அவளைக் கேட்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மறுநாள் காலையில் அவர் பூவுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. குடலையைக் கவிழ்த்துப் பரணில் வைத்துவிட்டார். அம்பாள் படத்துக்குக் கொஞ்சம் அட்சதை மட்டும் போட்டு நமஸ்காரம் பண்ணினார். ஒரு வாரம் கழித்துப் பாய் என்னை வழியில் நிறுத்தினார். "சாமிக்கு உடம்பு சரியில்லியாம்மா? பூவு அப்படியே கொட்டிக் கிடக்குது. யாரும் கேக்கறதில்ல. பெருக்கித் தள்றதுக்கு மனசு வரல" என்றார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அவரிடம், "பாய் உங்களை விசாரிச்சார்" என்றேன். "இப்போ போய் யாரையும் கேக்க எனக்கு வாய் வரலேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்குள்ளும் கேட்பது நின்றுபோயிற்று. பேப்பர் கிடைத்தால் படித்தார். காபி கொடுத்தால் குடித்தார், இரண்டாவது அரை டம்ளருக்கு வரவில்லை. நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்ட அமைதி கடைசியில் கிடைத்துவிட்டது. கொடுமையாக இருந்தது. சமையலறை வாசலை நானே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வெள்ளிக்கிழமை காலம்பற அடையார் வரைக்கும் போயிட்டு வரட்டுமா?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். "போயிட்டு வாங்கோ" என்றேன். குடலை இல்லாமல் போனார், மத்தியானம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டார். அதற்கடுத்த வெள்ளியும். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், நான் சொல்லிவிட இடம் இருந்தது. அப்பா, நீங்க எதுக்குப் போகணும், பறிச்சது நான்தானே என்று ஒரே வாக்கியம். மனசுக்குள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாயில் வந்தது, "குடையை எடுத்துண்டு போங்கோ, வெயிலா இருக்கு" என்பதுதான்.

ஆடி பிறந்தது. முதல் ஆடி வெள்ளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டோடு அடுப்படியில் நின்றிருந்தேன். ரேழியிலிருந்து, "உள்ளே வரலாமோன்னோ?" என்று குரல் கேட்டது. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் கையில் வாழை இலைப் பொட்டலம். முகமெல்லாம் சிரிப்பு. "கொடுத்துட்டான்மா!" என்றார். "மொதல் வாரம் கேட்டுக்கு வெளியிலயே நின்னேன். ஞாயித்துக்கிழமைதானே உள்ளே விடுவா? அவன் தூரத்துல பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டான். ரெண்டாவது வாரம் கிட்ட வந்து, ‘இன்னா சாமி, இன்னும் பூ வேணுமா'ன்னு திட்டினான். திட்டட்டும்னு நின்னேன். போன வாரம் மரத்தைப் பத்திப் பேசினான். ஒடிஞ்ச எடத்துல சாணியை அப்பித் துணியைச் சுத்தியிருக்கானாம், துளிர் விட்டிருக்காம். மேனேஜர்கிட்டே காத்துல ஒடிஞ்சதுன்னு சொல்லிட்டானாம். இன்னிக்கு அவனே உள்ளே போய்ப் பறிச்சுண்டு வந்தான். அஞ்சு. நான் கேட்டது அஞ்சுதானேன்னு ஞாபகம் வச்சுண்டு அஞ்சு."

பரணிலிருந்து குடலையை எடுத்துத் துடைத்தார். நாலு பூவை அம்பாள் படத்துக்கு வைத்தார். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஒண்ணு உனக்குத் தரட்டுமா?" என்றார். "அவனைக் கேட்டுண்டுதான் எடுத்துண்டு வந்தேன். ஆத்துல மாட்டுப்பொண்ணு தலையில ஒண்ணு வச்சுக்கலாமான்னு கேட்டேன். ‘ஆடி வெள்ளியாச்சே, தாராளமா வெச்சுக்கட்டும் சாமி'ன்னான்."

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்கி, ஈரத் தலையில் வைத்துக்கொண்டேன். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அரை டம்ளர் காபி கேட்டுக்கலாமா?" என்றார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த கீதா என் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். என் தலையைப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதுவரை அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

"இது கேட்டுண்டு எடுத்ததாம்மா?" என்றாள்.

"ஆமாம். தாத்தா கேட்டு வாங்கிண்டு வந்தார்."

"நீ தாத்தாகிட்டே மன்னிப்புக் கேட்டயா?"

தோசை கருகுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் தோசையே இல்லை. அது அவளுக்கும் தெரியும், தோசை வார்த்தால் வாசனை வருமே.

அதற்குப் பிறகு அவர் ஒன்பது வருஷம் எங்களோடு இருந்தார். மறுநாளிலிருந்தே பாய் வீட்டு வாசலில் போய் நின்று பவழமல்லி கேட்க ஆரம்பித்துவிட்டார். தினமும் காலையில் சமையலறை வாசலுக்கு வந்து இன்னும் அரை டம்ளர் காபி கேட்டார். ஒரு நாள்கூட அலுத்துக்கொள்ளாமல் கொடுத்தேன், பக்கத்துப் போர்ஷன் மாமி என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று. டம்ளரை நீட்டும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியம் நாக்கு வரைக்கும் வரும். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு ஒரு கணம் நிற்பார், போகட்டுமா என்று கேட்கிற மாதிரி. நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவார். ஒன்பது வருஷமும் நான் கேட்கவே இல்லை.